நல்ல நோக்கமும் பொய்ச் சான்றும்

தேர்தல் நெருங்குகிறது என்பதை ஒரு காலத்தில் நமக்குச் சுவர்கள் அறிவித்தன. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் மதில்களும், ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லி செல்லும் சாலையோர வீடுகளும் வெள்ளையடிக்கப்பட்டுச் சின்னங்களைத் தாங்கி நின்றன. இன்று அந்தச் சுவரின் பெரும்பகுதி நம் உள்ளங்கைக்கு இடம் மாறிவிட்டது. 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்த ஆவடி, 2022 பிப்ரவரி 19 அன்று தன் 48 வார்டுகளுக்கும் வாக்களித்தது. பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் முற்றும் நீங்காத அந்நாட்களில், வீட்டு வாயிலுக்கு வர இயலாத வேட்பாளரும் கைப்பேசி வழியாக நம் வீட்டுக்குள் வர முடிந்தது.

இந்த மாற்றத்தைத் தீமை என்று ஒதுக்கிவிட நாம் முற்படவில்லை. சமூகத் தொடர்புச் சாதனங்களை இறைவன் தந்த கொடைகளின் வரிசையில் வைத்தே இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் நோக்கியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில், எந்த மாடியில் எத்தனை பேர் சிக்கியுள்ளனர், எங்கே படகு தேவை என்ற செய்திகளை முகநூலும் வாட்ஸ்அப்பும் சுமந்து சென்றன. 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட இளைஞரைப் பெருமளவில் கூட்டிச் சேர்த்ததும் இவையே. பத்திரிகையில் இடம் பெற வழியில்லாத ஒரு தெருவின் குறை, இன்று செலவின்றி ஆயிரம் பேர் கண்ணில் படுகிறது. எளியவரின் குரலுக்கு வழி திறந்திருப்பது நன்மையே.

ஆயினும், இந்த நன்மையின் நடுவிலேதான் கடினமான அறநெறிக் கேள்வி ஒன்று நம்மை எதிர்கொள்கிறது. ஒரு வார்டை எண்ணிப் பார்ப்போம். மழைநீர்க் கால்வாயில் கழிவுநீர் கலக்கிறது. ஈராண்டாக மனு கொடுத்தும் பயனில்லை. இளைஞர் ஒருவர், வேறோர் ஊரில் என்றோ எடுக்கப்பட்ட கோரமான படத்தை 'நம் தெருவின் இன்றைய நிலை' என்று பதிவிடுகிறார். வார்டு உறுப்பினர் ஒப்பந்தக்காரரிடம் பணம் பெற்றார் என்று ஒரு வரியும் சேர்க்கிறார். அதற்குச் சான்று இல்லை. ஆனால் கால்வாயின் அவலம் உண்மை. குழந்தைகளின் காய்ச்சல் உண்மை. மறுநாளே அதிகாரிகள் விரைந்து வருகின்றனர். நீதிக்காகச் சொன்ன பொய் பாவமாகுமா?

இக்கேள்வி கைப்பேசியோடு பிறந்ததன்று. ஏறத்தாழ கி.பி. 420-இல் புனித அகுஸ்தினார் இதனை எதிர்கொண்டார். ஸ்பெயின் நாட்டில் பிரிசில்லியன் கொள்கையினர் தம் நம்பிக்கையைப் பொய்யால் மறைத்து வந்தனர். அவர்களைக் கண்டுபிடிக்க, நாமும் அவர்களுள் ஒருவர் போல் நடித்தால் என்ன என்று கத்தோலிக்கர் சிலர் வாதிட்டனர். உண்மையான மறையைக் காப்பதைவிட மேலான நோக்கம் வேறென்ன? எனினும் அகுஸ்தினார் இசையவில்லை. பொய்யை ஒழிக்கப் பொய்யையே கருவியாக்கினால், நாம் எதை எதிர்த்தோமோ அதுவே நம்மை வென்றுவிட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். நன்மை விளையும் என்பதற்காகத் தீமை செய்யும் நெறியைத் திருத்தூதர் பவுலும் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் ஏற்கவில்லை.

'நம் வள்ளுவர் இடம் கொடுத்திருக்கிறாரே' என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாய்மை அதிகாரத்தில் அவர் பொய்க்கும் ஓர் இடம் தருகிறார். ஆனால் அவர் வைத்த நிபந்தனையை நாம் விட்டுவிடலாகாது. விளையும் நன்மை சிறு குற்றமும் அற்றதாக இருக்க வேண்டும் என்கிறார். நோயுற்றவரின் படுக்கையருகே சொல்லும் ஒரு சொல்லின் விளைவைச் சொன்னவர் ஓரளவு கண்காணிக்கலாம். பல்லாயிரம் கைகளுக்குப் போகும் செய்தியின் விளைவு குற்றமற்றதாகவே இருக்கும் என்று எவர் பொறுப்பேற்க முடியும்?

முடியாது என்பதை நம் மாநிலமே விலை கொடுத்துக் கற்றது. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்போர் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. அதை அனுப்பியவர்களுள் பலர் பிள்ளைகளைக் காக்கவே அனுப்பியிருப்பர். திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். நமது திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டிலும் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி அந்நிறுவனம் வரம்பிட்டது. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர் இங்கே தாக்கப்படுவதாகத் தொடர்பற்ற காட்சிகள் பரப்பப்பட்டன. அவை பொய் என்று காவல்துறை மறுத்தது. வட மாநிலத் தொழிலாளர் பலர் உழைக்கும் அம்பத்தூரில் வாழும் நமக்கு, அந்த அச்சம் அயலூர்ச் செய்தியன்று.

'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்று சிலர் ஒதுங்குவர். பொய்ச்சான்றைத் தடுக்கும் எட்டாம் கட்டளை, முதலில் சொன்னவரோடு நின்றுவிடுகிறதா? நம் பெயரோடு செல்லும் செய்தியை உறவினர் நம்புவது, எழுதிய முகமறியாதவரை நம்பியன்று, நம்மை நம்பி. ஆகவே அனுப்புதலும் சான்று பகர்தலே. மேலும், திருச்சபையின் மறைக்கல்வி நூல் அவதூறை மட்டுமன்றி, தகுந்த காரணமின்றிப் பிறர் குறையை அறியாதோர்க்கு வெளிப்படுத்துவதையும் குற்றமாகவே கூறுகிறது. வேட்பாளரின் குடும்பத் துயரம் உண்மையாகவே இருந்தாலும், அதைத் தெருவில் பரப்பும் உரிமை நமக்கில்லை. அவர் பொதுப்பணத்தைக் கையாண்ட விதத்தைக் கேட்கும் உரிமையோ முழுவதும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே அரசியல் விவேகம்.

பொய்யால் முதலில் சிதைவது நீதியின் வழக்கேதான் என்பதையும் மறவோம். அந்தப் படம் வேறோர் ஊரினது என்று தெரியவரும் நாளில், மெய்யான மனுவும் அதனோடு குப்பைக்குப் போகும். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடியவர்களுக்குத் தேவைப்பட்டது சரிபார்க்கத்தக்க சான்று. நீதிமன்றத்தில் நிற்காத படம் நம் மனச்சான்றின் முன் மட்டும் எப்படி நிற்கும்?

எனவே அன்பியக் கூட்டங்களிலும் தெருக் குழுக்களிலும் சிறு ஒழுங்கொன்றைக் கைக்கொள்வோம். படமென்றால் எங்கே, எந்நாளில் எடுத்தது என்று கேட்போம். குற்றச்சாட்டென்றால், அவர் முகத்துக்கு நேரே இதைச் சொல்வோமா என்று நம்மையே வினவுவோம். தவறான செய்தி நம்மிடமிருந்து சென்றதென்றால், சென்ற அதே குழுவில் திருத்தமும் செல்லட்டும். களவாடிய பொருளைத் திருப்பித் தராமல் மன்னிப்பு நிறைவுறாது. களவாடிய நற்பெயருக்கும் அதுவே நீதி.

வாக்கு எண்ணிக்கை ஒரே நாளில் முடிந்துவிடும். வென்றவரும் தோற்றவரும் மறுநாள் அதே தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருப்பர். அன்று அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இயலுமா என்பது, இன்று நம் விரல் எதை அனுப்புகிறது என்பதைப் பொறுத்தது.