அம்மாவின் வீட்டை விற்கலாமா?

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் பல வீடுகளில் இந்தப் பேச்சே தொடங்குகிறது. ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் நாள் நெருங்கும்போது, ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளைகள் மூவரும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். அம்மாவை இனித் தனியாக விட முடியாது. மூத்தவன் வெளிநாட்டில். இளையவனின் பெங்களூரு ஃபிளாட்டில் இரண்டே அறைகள். மகள் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் இரவுதான் திரும்புவாள். கோவைப் பக்கம் நல்ல ஹோம் இருக்கிறதாம், எழுந்து நடக்க முடியாதவர்களையும் பார்த்துக்கொள்கிறார்களாம் என்று யாரோ சொல்கிறார்கள். "மாசம் எவ்வளவு?" என்று இன்னொருவர் கேட்கிறார். அதன் பிறகு சற்று நேரம் யாரும் பேசுவதில்லை.

அந்த மௌனத்துக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. பெற்றவரை இல்லத்தில் சேர்ப்பது பாவமா என்பதை நம் மேடைகளும் திரைப்படங்களும் கண்ணீரோடு பல முறை கேட்டுவிட்டன. யாரும் வாய்விட்டுக் கேட்காதது வேறொன்று. ஊரில் பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டை விற்று, அம்மாவின் கடைசி வருடங்களுக்குச் செலவழிக்கலாமா?

பாவம் என்ற பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. நம் ஊரில் முதியோர் இல்லம் என்பது யாருமற்றவர்களின் இடமாகவே தொடங்கியது. சென்னையில் சாவித்திரி வைத்தி 1978-இல் தொடங்கிய விச்ராந்தி, ஆதரவற்ற மூதாட்டிகளுக்கானது. பிள்ளைகள் இருக்கும்போதே ஒருவர் அங்கே போனால், பிள்ளைகள் இருந்தும் இல்லாதவர் என்று ஊர் எடுத்துக்கொண்டது. அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் "வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம்" என்று பெருமையாகச் சொல்லப்படும் குடும்பங்களில், உண்மையில் பார்த்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு மருமகளையோ திருமணமாகாத மகளையோதான் கைகாட்டுவார்கள். பெருமை மகனுக்கும் முதுகுவலி மருமகளுக்கும் போகும் ஏற்பாட்டை அறம் என்று சொல்ல மனம் வரவில்லை. இந்த வேலைக்கு ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொள்வதே நேர்மையான தொடக்கம்.

அந்த விலை சிறியதல்ல. ஒரு கணக்குக்காக, ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு தாய்க்கு மாதம் 28,000 ரூபாய் பென்ஷன் என்று வைத்துக்கொள்வோம். கைத்தாங்கலாக நடத்திச் செல்லவும், குளிப்பாட்டவும், மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கவும் ஆள் இருக்கும் இல்லம் 45,000 கேட்கிறது. டெபாசிட் தனி, டயப்பர் தனி, டாக்டர் வந்தால் அதுவும் தனி. மாதம் 17,000-க்கு மேல் துண்டு விழுகிறது. இன்சூரன்ஸ் உதவுமா என்றால், வழக்கமான மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். 2024-இல் 70 வயது கடந்த எல்லோருக்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் 5 லட்சமும் ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான். எலும்பு முறிந்தால் வழி இருக்கிறது. முறிந்து கூடிய பிறகு ஒவ்வொரு நாளும் கழிவறைக்கு அழைத்துச் செல்ல ஒரு கை வேண்டுமே, அந்தக் கைக்குச் சம்பளம் தர யாரும் இல்லை.

ஆகவே தேடல் தொடங்குகிறது. 45,000 கேட்கும் இல்லத்துக்கு அடுத்து, 25,000-க்கே சேர்த்துக்கொள்ளும் ஓர் இல்லம் கண்ணில் படுகிறது. வாசலில் அதே போகன்வில்லா, வரவேற்பறையில் அதே பிள்ளையார் சிலை, அதே சாம்பார் மணம். பகலில் போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று கேட்டால்தான் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் முதலில் தோல் சிவக்கும், பிறகு புண்ணாகும். அழைப்பு மணியின் கயிறு கட்டிலில் படுத்தபடியே எட்டுகிறதா, சுவரோடு சுருட்டிக் கட்டப்பட்டிருக்கிறதா? குறைந்த விலை பெரும்பாலும் மிச்சப்படுத்துவது இரவு வேலைக்கான ஆட்களின் சம்பளத்தைத்தான். அந்த ஆட்களும் எங்கோ ஒரு கிராமத்தில் தங்கள் தாயைத் தனியே விட்டுவிட்டு வந்த பெண்கள். அவர்களுக்குக் கொடுக்காமல் விட்ட காசு, அம்மாவின் முதுகில் புண்ணாகத் திரும்பி வருகிறது.

இங்கேதான் வீடு குறுக்கே வருகிறது. விற்றாலோ, வாடகைக்காவது விட்டாலோ அந்த 17,000 பெரிய தொகையே இல்லை. ஆனாலும் பேச்சு அந்தப் பக்கம் போவதில்லை. "அப்பா கட்டுன வீடு." "நல்லது கெட்டதுக்குப் போய் நிக்க ஒரு இடம் வேணும்ல." "இப்ப ரேட் இல்ல, ரெண்டு வருஷம் போகட்டும்." ஒவ்வொன்றும் உண்மையான உணர்ச்சிதான். சொல்பவர்கள் பொல்லாதவர்களும் இல்லை. ஆனால் ஒன்றை நேராகப் பார்க்க வேண்டும். இல்லம் தேடுகிறவரும், எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று முடிவு செய்பவரும், செலவு போக மிஞ்சுவதை நாளைக்குப் பங்கு போட்டுக்கொள்பவரும் ஒரே ஆட்கள். அம்மாவுக்குச் செலவழியும் ஒவ்வொரு ரூபாயும் தன் பங்கிலிருந்து குறையும் ரூபாய். இந்த நிலையில் உட்காரும் எவருக்கும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், 25,000 ரூபாய் இல்லமே போதுமானதாகத் தெரியும். கண் அங்கேதான் சாயும்.

சட்டமும் இங்கே அம்மாவின் பக்கம் முழுதாக நிற்பதில்லை. அப்பா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. மூன்று பிள்ளைகள் என்றால் வீட்டில் அம்மாவுக்குக் கால் பங்குதான். முழு வீட்டையும் விற்க நான்கு பேரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குதான், எண்பத்திரண்டு வயதில். காகிதத்தின் கணக்கு இது. அந்த வீட்டுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. தளம் போடப் பணம் போதாமல் போனபோது கழுத்திலிருந்து இறங்கி அடகுக்கடைக்குப் போன இரட்டை வடம், அதை மீட்க முடியாமலே போன வருடங்கள், நாற்பது ஆண்டு வாசல் தெளித்துக் கோலம் போட்ட காலைகள். இவை எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை. கால் பங்குதான் உங்களுடையது என்று அம்மாவிடம் சொல்வது சட்டப்படி சரி. பிள்ளையின் வாயிலிருந்து அது வந்தால் அநியாயம். சட்டம் தந்த முக்கால் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, தாயை மலிவான கட்டிலில் படுக்க வைக்கும் உரிமை எந்தப் பிள்ளைக்கும் இல்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அந்தச் சொத்து அவருடைய உயிர் உள்ளவரை முதலில் அவருடைய முதுமைக்குக் கடன்பட்டது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிக வலுவான பதில் அம்மாவிடமிருந்தே வரும். "எனக்காக வீட்டை வித்துடாதீங்க. பசங்களுக்குன்னு ஏதாவது இருக்கணும்." இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பிள்ளைகளுக்கு எதையாவது விட்டுச் செல்வது பல தாய்மார்களுக்கு வாழ்நாளின் கடைசி வேலை. அதைப் பறித்துவிட்டுச் சொகுசு அறையில் படுக்க வைப்பது அன்பாகாது. 2007-இல் மத்திய அரசு அறிவித்த ரிவர்ஸ் மார்ட்கேஜ் திட்டம் இங்கே அதிகம் பரவாமல் போனதற்கு இந்த மனமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். 60 வயது கடந்தவர் சொந்த வீட்டை வங்கியிடம் வைத்துவிட்டு, அங்கேயே குடியிருந்தபடி மாதாமாதம் பணம் பெறலாம், வாரிசுகள் பிறகு கடனைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளலாம் என்று எவ்வளவு விளக்கினாலும், வீட்டைத் தின்று உயிர் வாழ்வதாகத்தான் அது முதியவர்களின் காதில் விழுகிறது.

ஆனால் அந்த "வித்துடாதீங்க" எந்த நிலையில் சொல்லப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சுமையாகிவிட்டோம் என்ற அச்சத்தில் இருப்பவர் எதையும் வேண்டாம் என்றுதான் சொல்வார். காபி வேண்டுமா என்றாலும் வேண்டாம் என்பார். எல்லா விவரத்தையும் முன்னே வைத்து, இந்த இல்லத்தில் இரவில் இத்தனை பேர், அந்த இல்லத்தில் ஒருவர்தான், விற்றால் இத்தனை வருடம் தாங்கும், விற்காவிட்டால் நாங்கள் மூவரும் இவ்வளவு போடுவோம் என்று சொன்ன பிறகும் அவர் வீட்டைக் காப்பாற்றவே விரும்பினால், அது அவருடைய முடிவு. அப்போது பிள்ளைகளின் கடன் இரட்டிப்பாகிறது. வீட்டை வாங்கிக்கொள்ளப் போகிறவர்கள், அதற்குரியதை அம்மா உயிரோடிருக்கும்போதே மாதாமாதம் தங்கள் கையிலிருந்து கட்டியாக வேண்டும். "அம்மாவே வேண்டாம்னுட்டாங்க" என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டையும் வைத்துக்கொண்டு மலிவான இல்லத்தையும் தேர்ந்தெடுப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

பிள்ளைகளுக்குள் யார் எவ்வளவு என்பது அடுத்த வழக்கு. சமமாகப் போடுவோம் என்பது நியாயம்போல் ஒலிக்கும். வெளிநாட்டுச் சம்பளக்காரருக்கும் வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவருக்கும் ஒரே தொகை எப்படிச் சமமாகும்? ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய் அம்மாவின் நகம் வெட்டி, துணி எண்ணி, வார்டு ஆயாவிடம் பேசிவிட்டு வரும் மகளின் அந்தப் பயணத்தைத் தொகையாக எழுதினால் அவளுடைய பங்கு முன்பே கட்டப்பட்டிருக்கும். சீர் செய்தாயிற்று என்று சொல்லி அவளைச் சொத்தில் ஒதுக்கிவிட்டு, பராமரிப்பில் மட்டும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது.

முன்பே எழுதிக் கொடுத்துவிட்டவர்களின் நிலை இன்னும் கடினம். பாசத்தில் செட்டில்மென்ட் பத்திரம் பதிந்துவிட்டு, பிறகு தட்டுக்குக் காத்திருப்பவர்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை பத்திரத்தில் எழுத்தாக இருந்தே தீர வேண்டியதில்லை, பெற்றவரின் அன்புக்குள்ளேயே அது அடக்கம் என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் ஒரு தாயின் வழக்கில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் பெற்ற மகன்மேல் மனு எழுதிக்கொண்டு ஆர்டிஓ அலுவலக வாசலில் உட்காரும் நிலைக்கு ஒரு தாய் வந்த பிறகு வெல்ல என்ன இருக்கிறது?

விற்க வீடே இல்லாதவர்கள்தான் இந்த நாட்டில் அதிகம். மேலே பேசியது எல்லாம் கொஞ்சமாவது இருப்பவர்களின் தர்மசங்கடம். அதே பராமரிப்புச் சட்டத்தில் பிள்ளைகளிடமிருந்து வாங்கித் தரக்கூடிய பராமரிப்புத் தொகைக்கு உச்ச வரம்பு மாதம் 10,000 ரூபாய். தமிழ்நாட்டின் முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாய்க்கு உயர்ந்தது. வறிய முதியவர்களுக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் அளவில் இல்லம் வேண்டும் என்று பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு சொல்கிறது. அமைக்கலாம் என்ற சொல்லில் அது நிற்கிறது, அமைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமாக இல்லை. வரி கட்டுபவர்கள் தங்கள் தாய்க்கு இல்லம் தேடும் அதே வாரத்தில் இதையும் கேட்டாக வேண்டும். வீட்டு வேலை செய்து முதுகு வளைந்த ஒருவருக்கு இரவு இரண்டு மணிக்கு யார் விழித்திருப்பார்?

வராந்தாவில் நிற்கும் அந்த மூவரிடம் திரும்புவோம். அவர்கள் இதுவரை பேசியது அறைக்கு வெளியே. அம்மா உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கிறார். காதும் நன்றாகவே கேட்கிறது. இல்லத்தின் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும். டெபாசிட் எப்போது திரும்பும், உடல்நிலை மோசமானால் கட்டணம் எவ்வளவு ஏறும், எந்தக் காரணத்துக்காக வெளியேறச் சொல்வார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மகள் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வரிவரியாகத் தமிழில் படித்துக்காட்டலாம். ஒரு பிற்பகல் ஆகும். இடையிடையே அவர் கேள்வி கேட்பார். வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்பார்.