பூட்டானுக்கு எந்த வழியில் செல்வது அறம்?

இமயமலையின் கிழக்குப் பகுதியில், இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையே கடற்கரையே இல்லாமல் அமைந்துள்ள பூட்டானை அடையப் பெரும்பாலோர் மேற்கொள்ளும் வழிகள் இரண்டு. ஒன்று, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,235 மீட்டர் உயரத்தில் மலைகள் நெருங்கிச் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கும் பாரோ விமான நிலையத்தில் இறங்குவது. மற்றொன்று, மேற்கு வங்கத்தின் வடக்கு எல்லை வரை ரயிலில் சென்று, ஜெய்கான் என்னும் ஊரைக் கடந்து, எல்லைக்கு அப்பாலுள்ள பூன்ட்ஷோலிங்கிலிருந்து திம்புவுக்கு மலைச்சாலையில் ஏறுவது. கொல்கத்தாவிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆகும் தொலைவுக்கு, தரைவழியில் ஓர் இரவும் மறுநாள் பகலும் கழிந்துவிடும். எதைத் தேர்வது என்பது கையிருப்பையும் வசதியையும் பொறுத்த சொந்த விருப்பமாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் ஒருவருடைய பயணத்தின் புகையை, அப்பயணத்தின் இன்பத்தில் எந்தப் பங்கும் இல்லாத வேறொருவர் சுமக்க நேருமானால், அது விருப்பத்தின் எல்லையைக் கடந்து அறத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

சுமப்பவர் யார் என்பதைப் பூட்டானின் வட எல்லையில் உள்ள லூனானாவில் நேரடியாகக் காணலாம். பூமி சூடாவதால் பனியாறு உருகிப் பின்வாங்கும்போது, அது முன்பு தள்ளிக்கொண்டு வந்து குவித்த கல்லும் மண்ணும் கரையாக நிற்க, உருகிய நீர் அதன் பின்னே ஏரியாகத் தேங்குகிறது. யாரும் கட்டாத அந்தக் கரை உடைந்து நீர் முழுவதும் ஒரே மூச்சில் கீழிறங்குவதைப் பனியேரி உடைப்பு என்பர். 1994 அக்டோபர் 7 அன்று லுக்யே ஏரி அப்படி உடைந்தபோது இருபது பேருக்கு மேல் மாண்டனர். வெகு தொலைவில் கீழே இருந்த புனாகா கோட்டை மடமும் சேதமுற்றது. லுக்யே ஏரியின் அருகிலுள்ள தோர்த்தோர்மி ஏரிக்கும் அதே கதி நேராமல் தடுக்க, 2009-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் கோடைதோறும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் பல நாள் நடந்து மலையேறினர். கனரக இயந்திரம் எதுவும் போய்ச்சேர முடியாத அவ்விடத்தில் அவர்கள் பனிநீரில் நின்று, கடப்பாறையால் பாறையைப் பெயர்த்துக் கையாலேயே கல் சுமந்து வாய்க்கால் வெட்டினர். அவர்களில் எத்தனை பேர் வாழ்நாளில் விமானத்தில் ஏறியிருப்பர் என்ற கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அந்த வெள்ளத்தை எந்த ஒரு விமானத்தின் தலையிலும் கட்ட முடியாது என்பது உண்மை. இந்த இடத்தில்தான் விமானப் பயணத்துக்குச் சாதகமான வலுவான வாதம் எழுகிறது. பொழுதுபோக்குக்காக ஒருவர் கார் ஓட்டுவதால் மட்டும் உலகில் எந்தத் தீங்கும் கூடுவதோ குறைவதோ இல்லை. எனவே அரசுகளைச் செயற்பட வைப்பதே குடிமக்களின் கடமையாகும், தனிமனிதரின் ஓட்டத்தை நிறுத்துவது அன்று என்று அமெரிக்க மெய்யியலாளர் வால்டர் சின்னட்-ஆம்ஸ்ட்ராங் 2005-இல் வாதிட்டார். இதில் பாதி ஏற்கத்தக்கது. அரசின் கடமை பெரிது என்பதில் ஐயமில்லை. மறுபாதி ஏற்கத்தக்கதன்று. ஓர் இருக்கையின் தீங்கு கண்ணுக்குத் தெரியாதபடி சிறியது என்பதிலிருந்து அது இல்லவே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. விற்றுத் தீரும் இருக்கைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் நிறுவனங்கள் மேலும் விமானங்களை இயக்குகின்றன. தவிர, ஓர் ஆண்டில் விமானம் ஏறுவோர் உலக மக்களில் சிறு பகுதியினரே ஆதலால், எல்லோரும் செய்வதைத்தானே செய்கிறோம் என்ற சமாதானமும் இங்கே செல்லாது.

உலகம் முழுவதும் வெளியாகும் கரியமில வாயுவில் விமானங்களின் பங்கு ஏறத்தாழ 2.5 விழுக்காடு. விமானத்தின் பின்னே நீளும் வெண்ணிறப் புகைத்தடம் சில சமயம் மெல்லிய மேகமாகப் பரவிப் பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுப்பதால், மொத்தப் பாதிப்பு அந்த எண் காட்டுவதைவிட அதிகம். மேலெழும்பவும் உயரம் ஏறவும் எரிபொருள் மிகுதியாகச் செலவாகிறது. ஆகவே கொல்கத்தா–பாரோ போன்ற குறுகிய பயணங்களில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் எரிபொருள் கூடுதலாக இருக்கும். பூட்டானின் நிலப்பரப்பில் 60 விழுக்காடு என்றும் காடாகவே இருக்கவேண்டும் என்று அந்நாட்டின் 2008-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் விதிக்கிறது. தான் வெளியிடுவதைவிட மிகுதியான கரியமில வாயுவை அந்நாடு உள்வாங்குகிறது என்பதும் பரவலாக அறியப்பட்டதே. இதைக் கேட்டு, அங்கே போகும் விமானத்தின் புகையை அந்தக் காடுகளே ஏற்றுக்கொள்ளும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோர் உண்டு. பன்னாட்டு விமானங்களின் உமிழ்வோ எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேர்வதில்லை. அது தனிக் குறிப்பாகவே பதியப்படுகிறது. பூட்டான் மக்கள் வெட்டாமல் காத்த மரங்களைத் தன் பயணத்துக்கு வரவு வைப்பது பிறர் சேமிப்பில் கைவைப்பதற்கு ஒப்பாகும்.

தரைவழி குற்றமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. சிலிகுரியிலிருந்து அலிபுர்துவார் செல்லும் இருப்புப்பாதை மகாநந்தா, சாப்ராமாரி, ஜல்தாபாரா, பக்சா ஆகிய காடுகளை ஊடுருவிச் செல்கிறது. அது அகலப்பாதையாக மாற்றப்பட்ட பின்னர் அங்கே ரயிலில் அடிபட்டு இறந்த யானைகள் ஏராளம். 2013 நவம்பரில் சாப்ராமாரி அருகே ஒரே விபத்தில் ஏழு யானைகள் மடிந்தன. எல்லைக்கு மிக அருகிலுள்ள ஹாசிமாரா நிலையம் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. எனினும் இதற்கு மாற்று உண்டு. தெற்கே வயல்வெளிகளுக்கு நடுவே செல்லும் முதன்மைப் பாதையில் ஃபலாகாட்டாவிலோ நியூ அலிபுர்துவாரிலோ இறங்கிப் பேருந்தில் ஜெய்கான் சென்றால், கூடுதலாகச் சில மணி நேரம் ஆகுமே தவிர வேறு இழப்பு இல்லை. இந்திய எல்லைச் சாலை அமைப்பின் தந்தக் பிரிவு 1960-களின் தொடக்கத்தில் அமைத்த பூன்ட்ஷோலிங்–திம்பு சாலை மழைக்காலத்தில் மண்சரிவுக்குப் பேர்போனது. அதில் தனி ஒருவர் டீசல் கார் அமர்த்திச் சென்றால், ரயிலில் மிச்சப்படுத்தியதில் பெரும்பகுதி கரைந்துவிடும். பேருந்தோ பலர் பகிர்ந்துகொள்ளும் வண்டியோ இருந்தால்தான் தரைவழி என்ற பெயர் பொருள் பெறும்.

ஹென்றி ஷூ என்னும் அறவியலாளர் 1993-இல் உமிழ்வை இரண்டாகப் பிரித்தார்: உயிர்வாழ இன்றியமையாதவற்றால் எழுவது ஒன்று, சொகுசுக்காக எழுவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது அநீதி என்றார். தன் மருத்துவமனைகளில் குணப்படுத்த முடியாத நோயாளிகளைப் பூட்டான் அரசு கொல்கத்தாவுக்கும் வேலூருக்கும் அனுப்புகிறது. சிறுநீரகம் பழுதாகி வேலூர் வரும் ஒரு விவசாயி பாரோவில் விமானம் ஏறுவதும், பாரோ அருகிலுள்ள புலிக்கூடு மடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒருவர் அதே விமானத்தில் அடுத்த இருக்கையில் அமர்வதும் புகையளவில் சமம். அறத்தின் அளவில் சமமாகா. முதியோர், உடல் நலிந்தோர், அடுத்த நாளே ஊர் திரும்ப வேண்டிய கூலி வேலைக்காரர் ஆகியோருக்கும் இந்த விலக்கு உண்டு. இடையே கடல் இருப்பவர்களுக்குத் தரைவழி என்பதே இல்லை. அவர்கள் செய்யக்கூடியது, பல பயணங்களை ஒன்றாக்கி, ஒரு முறை வந்து நெடுநாள் தங்குவதே. அதற்குப் பூட்டானின் சுற்றுலா வரியே இடையூறாக நிற்கிறது. பெரும்பாலான வெளிநாட்டவருக்கு 2022-இல் ஓர் இரவுக்கு 200 டாலராக உயர்த்தப்பட்டு, 2023-இல் 100 டாலராகக் குறைக்கப்பட்ட அந்த வரி இரவுக் கணக்கில் வாங்கப்படுவதால், அவசரமாக வந்து அவசரமாகப் போகிறவரைவிடப் பொறுமையாகத் தங்குபவருக்கே சுமை அதிகம். நுழைவுக்கு ஒரு முறை வாங்கிவிட்டுத் தங்கும் நாட்களுக்குக் குறைப்பது நியாயமாக இருக்கும்.

மலைநாட்டு மக்களின் வருவாய் குறைந்துவிடுமே என்ற கவலை உண்மையானது. ஆனால் தரைவழியில் வருபவரும் அதே வரியைச் செலுத்துகிறார், போதாக்குறைக்குப் பூன்ட்ஷோலிங்கிலும் வழியிலுள்ள கேதுவிலும் உண்டு தங்கிப் பணத்தை விட்டுச் செல்கிறார். ஆகவே வங்காளத்திலோ அதற்கு அண்மையிலோ இருந்து புறப்படுபவர், உடல்நலமும் ஒரு நாள் கூடுதல் அவகாசமும் உடையவர், கண்டு மகிழ்வதற்காக மட்டும் செல்பவர் என்றால், அவர் பாரோவுக்கு விமானம் ஏறுவதற்கு அறத்தின் பக்கம் நின்று சொல்லத்தக்க காரணம் எதுவும் இல்லை.