பவளத்தின் ஜீவன்

வேதாரண்யத்து உப்பளங்களில் சூரியன் நீரைக் கவர்ந்து உப்பை மட்டும் விட்டுச் செல்வதைக் காணும்போதெல்லாம், கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிறைத்துப் பவளம் வளர்க்கப் புகும் அன்பர்களை நினைக்கிறேன். ஆவியாகிப் போன நீருக்கு ஈடாக நன்னீரே வார்க்கவேண்டும், இல்லையேல் தொட்டியும் உப்பளமாகிவிடும் என்பது அவர்கள் கற்கும் முதற்பாடம்.

அத்தொட்டியில் வளரும், மீனின் வால் பட்டாலே இதழ் குவிக்கும், பொத்தான் போன்ற பவளமொன்று, தோற்றத்தில் புஷ்பம், உண்மையில் பிராணி. அதன் தசைக்குள்ளோ கண்ணுக்குப் புலப்படாத பாசி குடியிருந்து, சூரியவொளியால் ஆகாரம் சமைத்து ஊட்டுகிறது. இது ஒரு ஜீவனா, இரண்டா? உஷ்ணம் மிகுந்து பாசி நீங்கினால் பவளம் வெளுத்து நலிகிறதாதலின், இரண்டல்ல என்றே என் மனம் துணிகிறது.

பாறை கட்டும் பவளமோ 2001இல் நம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்கு நிகராக வைக்கப்பட்டது; மன்னார் வளைகுடாவிலிருந்து அதனைப் பெயர்த்தெடுத்து எத்துணை அன்புடன் வளர்ப்பினும், அது ஹிம்சையே.