சமாளிக்கும் தோள்

தோள்வலி உள்ளவரைச் சட்டை மாட்டும்போதே கண்டுபிடித்துவிடலாம். வலிக்கும் கையை முதலில் நுழைப்பார், நல்ல கை பிறகுதான். கழற்றும்போது நல்ல கை முதலில் வெளியே வரும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சில வாரங்களில் உடம்பு தானே பழகிக்கொள்கிறது.

என் பெரியம்மாவின் வலது தோளும் அப்படித்தான் பழகிக்கொண்டது. ஊறுகாய் ஜாடி மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறங்கியது. கொடியில் துணி உலர்த்துவது பெரியப்பாவின் வேலையானது. பஸ்ஸில் மேல்கம்பியை விட்டுவிட்டு சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். தலை பின்னப் பேத்தியைக் கூப்பிட்டார். வீட்டில் யாருக்கும் இது நோயாகத் தெரியவில்லை. “எதையும் சமாளிச்சுடுவா” என்பது எங்கள் குடும்பத்தில் பெண்களுக்குத் தரப்படும் மிகப் பெரிய பட்டம். பட்டம் வாங்கியவருக்கு ராத்திரி வலது பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை என்பது டாக்டர் கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

அந்த எலும்பு டாக்டர் எடுத்த எடுப்பில் ஸ்கேன் எழுதவில்லை. பெரியம்மாவின் பின்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கச் சொன்னார். இடது கை காதைத் தொட்டது. வலது கையும் தோள் உயரம்வரை வந்தது. பரவாயில்லையே என்றுதான் நான் நினைத்தேன். டாக்டர் தோள்பட்டை எலும்பைத் தன் உள்ளங்கையால் மேலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, “இப்பத் தூக்குங்கம்மா” என்றார். கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

கையை முழுக்கத் தூக்கும் 180 டிகிரியில் ஏறக்குறைய 120 பந்துக்கிண்ண மூட்டின் பங்கு. மீதி 60 தோள்பட்டை எலும்பு நகர்ந்து தருவது. மூட்டு முடங்கும்போது தோள்பட்டையும் கழுத்தோரத் தசையும் தோளைக் குலுக்கி உயர்த்தி அதன் வேலையையும் சேர்த்துப் பார்க்கின்றன. பார்ப்பவருக்குக் கை எழுவதுபோலவே இருக்கும். எழுப்புவது வேறு ஆள்.

அடுத்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். இடது கை கதவுபோலத் திறந்தது. வலது கை அசையவில்லை. டாக்டர் தானே பிடித்துத் திருப்பிப் பார்த்தார், அப்போதும் இல்லை. இந்த இடம்தான் முக்கியம். நோயாளியால் முடியாததை டாக்டரின் கை செய்துவிட்டால், மூட்டைச் சுற்றியுள்ள ரொட்டேட்டர் கஃப் என்ற நான்கு தசைகளில், அவற்றின் நாண்களில், கிழிசலோ பலவீனமோ இருக்கலாம். 60 டிகிரிக்கும் 120-க்கும் நடுவில் மட்டும் சுரீர் என்றால் நாண் உரசுகிறது என்று சந்தேகிப்பார்கள். இருவராலும் முடியவில்லை, எக்ஸ்ரேயும் சுத்தம் என்றால், மூட்டின் உறையே இறுகிவிட்டது. பாஸ்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் கோட்மன் 1934-இல் இதற்கு வைத்த பெயர்தான் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’. சர்க்கரை நோயாளிகளை இது அதிகம் தேடி வரும். பெரியம்மாவுக்குச் சர்க்கரை உண்டு.

அத்தோடு விடாமல் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். சாப்பிட்டபின் வயிறு வலிக்கிறதா என்றும் கேட்டார். பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், தோளுக்கு வந்தால் வயிற்றைக் கேட்கிறாரே என்று. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்துதான் கிளம்புகிறது. அதனால் பித்தப்பைக் கோளாறு வலது தோளில் வலியாக வந்து நிற்பதுண்டு. மாரடைப்பின் வலியும் தோளில் தெரியலாம்; நெஞ்சை அடைத்து, வியர்த்து, தோளும் வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு சமாளிப்பதே தப்பு என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. 1995-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். மூன்றில் ஒருவருக்கு நாணில் கிழிசல். அறுபது தாண்டியவர்களில் பாதிக்கும் மேல். அவர்கள் கிழிசலோடு சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். நாண் உரசும் வலிக்குத் தோள் எலும்பைச் செதுக்கும் அறுவையை, உள்ளே குழாய் விட்டுப் பார்த்ததோடு நிறுத்திய போலி அறுவையோடு ஒப்பிட்டார்கள் பிரிட்டனில். குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை என்று 2018-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. அப்படியானால் உடம்பின் சமாளிப்பையே ஆரோக்கியம் என்றும் சொல்லலாம். கிழிசலோடு மேல்தட்டை எட்டுகிறவரின் சமாளிப்பு வேறு. எட்ட முடியாமல் தட்டையே கீழே இறக்குகிறவரின் சமாளிப்பு வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், யாராவது தோள்பட்டையை அழுத்திப் பிடிக்கும்வரை.

குணமாக ஒன்றிலிருந்து மூன்று வருடம்வரை ஆகலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இப்போது பெரியம்மா சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி செய்கிறார். எட்டிய உயரத்தில் பென்சில் கோடு போடுகிறார். தோளைக் குலுக்கி ஏறினால் கோடு நாலு விரற்கடை மேலே விழும். பிசியோதெரபிஸ்ட் பெண் அந்தக் கோடுகளை அழித்துவிட்டு மறுபடி ஏறச் சொல்கிறார்.