பசியா? இச்சையா?



இந்த மாதம் பின்மாரி எழுப்புதலைக் குறித்து எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆவியானவர் வேறே ஒரு காரியத்தை என் முன் வைத்துவிட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு நம் சபைச் சகோதரி ஒருவர் (அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்) ஆராதனை முடிந்து தனியாக வந்தார்கள். "ஐயா, எடை குறைய இரைப்பையில ஆபரேஷன் பண்ணலாம்னு டாக்டர் சொல்றார். விசுவாசி பண்ணலாமா?" நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "போஜனப்பிரியத்துக்குக் கத்தி மருந்தில்லம்மா. இருபத்தொரு நாள் உபவாசம் எடுங்க" என்றேன். முகம் வாடித் திரும்பிப் போனார்கள்.

போன வருஷக் கடைசியில் அதே ஆபரேஷனை என் டாக்டர் எனக்குச் சொன்னார். 126 கிலோ. எட்டு வருஷமாகச் சுகர். ராத்திரி தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம்; என் மனைவி விழித்து உட்கார்ந்து அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். இது எனக்கு அவள் அழுது சொல்லித்தான் தெரியும்.

உபவாசம் அறியாதவன் அல்ல நான். நாற்பது நாள் ஒருவேளை ஆகாரத்தோடு மூன்று தடவை இருந்திருக்கிறேன். பத்துக் கிலோ இறங்கும். ஆறு மாதத்தில் பன்னிரண்டு ஏறும். ஒவ்வொரு தடவையும், "ஆண்டவரே, என் விசுவாசம் எங்கே போயிற்று?" என்று முழங்காலில் அழுதேன்.

என் பாவத்தை மறைக்கப்போவதில்லை. ஊழியக்காரன் போகிற வீட்டிலெல்லாம் இலை போடுவார்கள். மூன்று வீட்டு ஜெபம் என்றால் மூன்று சாப்பாடு. "ஐயா கொஞ்சமா சாப்பிட்டா எங்களுக்கு வருத்தம்" என்பார்கள். நானும் அவர்கள் வருத்தத்தைப் போக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு இரண்டாம் தரம் பிரியாணி வாங்குவேன். அது அன்பு அல்ல, இச்சை. ஏலியின் வீட்டார் காணிக்கையினால் தங்களைக் கொழுக்கவைத்ததை 1 சாமுவேல் 2:29ல் வாசிக்கும்போதெல்லாம் வேதத்தை மூடிவைக்கத் தோன்றும். இதற்கு மனந்திரும்புதல் ஒன்றே வழி. எந்த டாக்டரும் இதை வெட்டி எடுக்க முடியாது.

ஆனால் பசி வேறே. இரைப்பையின் மேல்பாகத்தில் கிரெலின் என்று ஒரு சுரப்பு உண்டாகி, மூளைக்குப் பசி சொல்லுகிறது. எடை இறங்கினால் சரீரம் பஞ்சம் வந்துவிட்டது என்று எண்ணி அந்தச் சுரப்பைக் கூட்டும். நான் ஜெபத்தில் தோற்றேன் என்று அழுத நாட்களில் பாதி, என் சரீரம் பஞ்சத்தோடு போராடின நாட்கள். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாமல்தான் அந்தச் சகோதரியின் சுகவீனத்தைப் பாவம் என்று தீர்த்தேன்.

நம் சபையில் இருதயத்துக்கு ஸ்டென்ட் வைத்த அண்ணன்மார் எத்தனை பேர்! எண்ணெய் பூசி ஜெபித்து, நாமேதான் வண்டி பிடித்து அனுப்பினோம். யாராவது விசுவாசக் குறைவு என்றோமா? எடை என்று வந்தால் மட்டும், "வாயைக் கட்டுங்க". எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார், கர்த்தர் கேட்டார். பிறகு ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20). ஆசா ராஜாவின் குற்றம் வைத்தியரிடம் போனதல்ல, கர்த்தரைத் தேடாமல் போனது (2 நாளாகமம் 16). மருந்தே தொடாத பரிசுத்தவான்களும் நம்மிடையே உண்டு. அவர்களை நான் கனம்பண்ணுகிறேன். அந்தக் கிருபையை மற்றவன் தலையில் சட்டமாக வைக்கமாட்டேன்.

எனக்கு மெய்யாகவே பயம் உண்டாக்கினது வேறொரு கேள்வி. சரீரம் ஆலயம் என்று பிரசங்கிக்கிறவன், நோயில்லாத ஒரு உறுப்பை வெட்டி எறியலாமா? ஸ்லீவ் என்ற முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்குமேல் எடுத்துவிடுவார்கள். வாழைப்பழம் போல ஒரு குழாய்தான் மிஞ்சும். திரும்ப ஒட்டவைக்க முடியாது. அபூர்வமாக மரணமும் உண்டு. வாரம் ஒரு ஊசியும் இப்போது இருக்கிறது. நிறுத்தினால் எடை திரும்பும், மாதாமாதம் வாங்க என் சம்பளம் கட்டாது. ஆலயத்தின் சுவர் இடிந்து விழப்போகிறது என்றால் ஒரு கல்லை எடுத்தாகிலும் முட்டுக்கொடுப்பார்கள் அல்லவா என்று என் மைத்துனர் சொன்னார். அவர் கொத்தனார். அந்தப் பதிலில் பாதிதான் எனக்குச் சமாதானம். மறுபாதியை இன்னும் ஜெபத்தில் வைத்திருக்கிறேன்.

இது நேற்று முளைத்த வியாபாரமும் அல்ல. 1966ல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன் இரைப்பை பைபாஸ் செய்தார். ஸ்வீடன் தேசத்தில் 1987 முதல் சுமார் 4,000 பேரை வருஷக்கணக்காகக் கவனித்ததில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைவு என்று கண்டார்கள். பி.எம்.ஐ. 40க்கு மேல் என்று 1991ல் வைத்த கணக்கை 2022ல் 35 ஆக்கினார்கள். சுகர் போன்ற வியாதியோடு இருந்தால் இன்னும் குறைவிலேயே யோசிக்கலாம். எனக்கு 45.

போன மாதம் முதல் படி வைத்தேன். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், உணவு ஆலோசகர், மனநல டாக்டர். அந்த அம்மா, "துக்கம் வந்தா சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார்கள். இருபது வருஷ ஊழியத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஒரு சவ அடக்கத்துக்குப் போய்வந்தால் ராத்திரி தனியாக நின்று சாப்பிடுகிறதைச் சொல்லி அழுதுவிட்டேன். சர்ஜன் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: ஆபரேஷன் நாக்கை மாற்றாது, பால்பாயசமும் ஐஸ்கிரீமும் குடித்தே எடையைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். ஆயுசு முழுக்க விட்டமின் மாத்திரை வேண்டும். ஆக, இச்சையடக்கம் எனக்கு அப்படியே பாக்கி.

சபைக் காணிக்கையில் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. மைத்துனர் கடன் கொடுத்திருக்கிறார்.

போன ஞாயிறு அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர்களுக்கு இப்போது முழங்கால் தேய்ந்து, படி ஏற முடியவில்லை. "ஐயா, அன்னிக்கு நீங்க எனக்காக ஜெபிக்கவே இல்லையே" என்று மட்டும் சொன்னார்கள். உண்மைதான். அறிவுரை சொல்லி அனுப்பினேனே தவிர, கையை வைத்து ஜெபிக்கவில்லை. அன்று ஜெபித்தோம். வருகிற வாரம் அவர்களும் என் மனைவியோடு டாக்டரைப் பார்க்க வருகிறார்கள்.

எனக்கு ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் பெரும்பாலும் நீர் ஆகாரம். வீட்டு ஜெபத்துக்கு வருவேன். இலை போடாதிருங்கள், ஒரு டம்ளர் மோர் போதும். எங்கள் இருவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தரின் பணியில்,
உங்கள் சகோதரன்