யாருடைய பாடம்?

1995-இல் மலேசியாவின் டெங்கில் அருகே புக்கிட் தம்போயில், ஓராங் அஸ்லி எனப்படும் பழங்குடிகளில் ஒரு பிரிவினரான தெமுவான் மக்களின் நிலத்தில் ஏறக்குறைய 38 ஏக்கர், புதிய விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்டது. வீடுகளுக்கும் மரங்களுக்கும் இழப்பீடு கொடுத்தார்கள், மண்ணுக்குக் கொடுக்கவில்லை. அந்த மக்களில் சாகோங் தாசியும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். அந்த மண்ணில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2002-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாக வந்த வரலாற்றை, சாட்சியச் சட்டத்தின் வரம்புக்குள், சாட்சியமாக ஏற்கலாம் என்றது நீதிமன்றம்.

நீதிமன்றம் செவிமடுத்த அந்தச் சொல்லுக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன இடம்? சட்ட மாணவர்கள் சாகோங் தாசி வழக்கைப் படிக்கிறார்கள். ஆனால் சாட்சி சொன்னவர்களைப் போன்ற ஒரு பெரியவர் வகுப்பில் ஆசிரியராக நிற்க வேண்டுமென்றால் பட்டம் எங்கே என்ற கேள்வி எழுகிறது. தரம் வேண்டும் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் எல்லை மரத்தையும் மூதாதையர் புதைகுழியையும் சுட்டிக்காட்டி நிலவுரிமையை நிறுவத் தெரிந்தவரின் அறிவை எந்தப் பட்டம் அளக்கும்?

இந்தக் கேள்வி மலேசியத் தமிழருக்கு அந்நியமானதன்று. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் பிறந்தது. அங்கே முதன்மை சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற வாதம் எழுந்தபோது, தமிழுக்கே என்று பத்திரிகையாசிரியர் கோ. சாரங்கபாணியும் அவரோடு நின்ற சாமானியர்களும் உறுதியாகச் சொன்னார்கள். 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு உழைப்பாளிகள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். தங்களைப் பற்றிய பாடத்தைப் பிறர் தீர்மானிப்பதை ஏற்காத சமூகம் அது. ஓராங் அஸ்லி மக்கள் அதே உரிமையைக் கேட்டால், முதலில் புரிந்துகொள்ள வேண்டியவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இருக்கும் நாம்தான். கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்களில் தமிழர் பலர் உழைத்தார்கள். அதே தீவில் வாழும் மா மெரி என்னும் ஓராங் அஸ்லி மக்களின் முகமூடிச் சிற்பங்களை வியக்கிறோம். அவர்களின் மொழியில் ஒரு சொல்லாவது நமக்குத் தெரியுமா?

அவர்களின் பெரியவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துவிட்டால் மட்டும் போதாது. ஆண்டுக்கொரு முறை ஆடலும் சிற்பமும் காட்டச் சொல்லி, போக்குவரத்துச் செலவைக் கொடுத்து அனுப்பிவிட்டு அதைப் பாடத்திட்டச் சீர்திருத்தம் என்று எழுதிக்கொள்வது பெருந்தவறு. எதைக் கற்பிப்பது, தேர்வில் எதைக் கேட்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி வேண்டும். விரிவுரையாளருக்கு நிகரான ஊதியமும் வேண்டும்.

தங்கள் அறிவைக் கொடுக்க மறுக்கும் உரிமையும் அவர்களுடையதே. மூலிகைகளைப் பற்றிய மரபறிவைப் பயன்படுத்த அந்தச் சமூகத்தின் ஒப்புதல் தேவை என்று உயிரியல் வளங்கள் குறித்த மலேசியாவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கதைக்கும் சடங்குக்கும் அதே மரியாதை வேண்டும். ஒரு மருந்தை வகுப்பில் சொல்லமாட்டேன் என்று பெரியவர் மறுத்தால், அந்தப் பாடம் நடக்காமல் போகட்டும். ஏன் நடக்கவில்லை என்பதை மாணவர்களிடம் சொல்ல வேண்டும்.