வரிசையில் நிற்பவர் பதுக்கல்காரரா?

மோட்டார் ஓட்டும் நம்மவர்களில் எவரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். ரோட்டில் ஒழுங்காக ஓட்டுகிறவர் ஒருவர்தான் என்பார். அந்த ஒருவர் தாமே என்பதையும் சொல்லாமல் சொல்லுவார். சிக்னல் போடாமல் திரும்பியவன், விரைவுச் சாலையில் அவசரப் பாதையில் ஏறி முன்னுக்குப் போனவன், பசார் வாசலில் இரண்டாவது வரிசையாக வண்டியை நிறுத்திவிட்டு மீன் வாங்கப் போனவன் ஆகியோரைப் பற்றிய குற்றப்பத்திரிகை எல்லார் நாவிலும் தயாராக இருக்கிறது. அந்தப் பத்திரிகையில் தம் பெயரைத் தாமே சேர்த்துக் கொண்டவரை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமன்று. 1981-ஆம் ஆண்டில் ஓலா ஸ்வென்சன் என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞர், மற்றவர்களோடு ஒப்பிட்டால் தங்கள் ஓட்டும் திறமை எப்படி என்று அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் சிலரைக் கேட்டார். கேட்கப்பட்ட அமெரிக்கர்களில் நூற்றுக்கு 93 பேரும், ஸ்வீடன்காரர்களில் நூற்றுக்கு 69 பேரும் தாங்கள் மேல் பாதியைச் சேர்ந்தவர்கள் என்றனர். மேல் பாதியில் ஐம்பது பேருக்குத்தான் இடம் உண்டு என்பது கடைக் கணக்குப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

மனிதனுக்குத் தன்னைப் பற்றியுள்ள இந்த நல்லெண்ணம் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போகத் தக்கதுதான். ஆனால் எண்ணெய் நிலையத்தில் வரிசை நீளும் நாளில் அது வேறு உருவம் எடுக்கிறது. தாம் நிற்பது அவசியத்தால், மற்றவர் நிற்பது பேராசையால் என்று வரிசையில் உள்ள ஒவ்வொருவரும் நினைக்கிறார். ஆகவே ஒரு கேள்வியைச் சகோதர வியாபாரிகள் முன் வைக்கிறோம். தன் சொந்த வண்டிக்கு, தன் சொந்தக் காசைக் கொடுத்து, சட்டம் தடுக்காத அளவில் எண்ணெய் ஊற்றிக் கொள்கிறவர் பிறருக்குத் தீங்கு செய்தவராவாரா?

எல்லா வரிசையும் ஒரே ஜாதியல்ல. 2008-ஆம் ஆண்டு ஜூன் 4-ந் தேதியை மலேசியாவில் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று மாலை, அப்போதைய பிரதமர் அப்துல்லா அஹ்மத் படாவி அவர்கள், பெட்ரோல் விலை நள்ளிரவு முதல் லிட்டருக்கு 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசாகவும், டீசல் 1 வெள்ளி 58 காசிலிருந்து 2 வெள்ளி 58 காசாகவும் உயரும் என்று அறிவித்தார். செய்தி வந்த சற்று நேரத்திற்கெல்லாம் நிலையங்களின் முன்னே வண்டிகள் குவிந்துவிட்டன. வரிசையின் வால் ரோட்டுக்கு வந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களும், எண்ணெயே தேவையில்லாதவர்களும் அந்த வாலில் சிக்கிக் கொண்டார்கள்.

அந்த இரவுக்கு ஒரு கணக்கு உண்டு. சிறிய கார் ஒன்றின் டாங்கி 40 லிட்டர் கொள்ளும். பாதி காலியாக இருந்தால் ஊற்றுவது 20 லிட்டர். மிச்சமாவது 15 வெள்ளி 60 காசு. முழுவதும் காலியாக இருந்தால்கூட 31 வெள்ளி 20 காசுக்கு மேல் இல்லை. இதற்காக மணிக்கணக்கில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தவர்களின் பொறுமையை நாம் மெச்சுகிறோம். ஆனால் கேலி செய்ய மாட்டோம். மாதச் சம்பளக்காரருக்கு 15 வெள்ளி என்பது காசுதான். விலை ஏறுமுன் வாங்குவது வியாபாரத்தின் அரிச்சுவடி. அதைக் குற்றம் என்றால் நம்மில் ஒருவரும் தப்ப முடியாது. அன்று நின்றவர் மற்றவருடைய எண்ணெயை எடுத்துக் கொள்ளவில்லை. மறுநாளும் எண்ணெய் இருந்தது, விலைதான் வேறு. குறை சொல்ல வேண்டுமானால், வரிசையின் வாலை நாற்சந்தியில் நீட்டி வைத்து, பின்னால் வந்த ஆம்புலன்சுக்கும் வழி விடாதவரைச் சொல்லலாம். ஆசைக்கு மன்னிப்பு உண்டு. அடுத்தவர் பாதையை அடைத்ததற்கு இல்லை.

(சிங்கப்பூரில் நிலைமை இன்னும் வேடிக்கையானது. 1991-ஆம் ஆண்டிலிருந்து, அங்கே பதிவான கார் முக்கால் டாங்கி எண்ணெய் இல்லாமல் அக்கரைக்குப் போகக்கூடாது என்பது சட்டம். மிஞ்சிய கால் டாங்கியை ஜொகூரில் நிரப்பும்போது, இன்னும் கொஞ்சம் கொள்ளட்டும் என்று வண்டியைப் பிடித்து மேலும் கீழும் குலுக்கினவர்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. படியைக் குலுக்கி அளக்கச் சொல்லும் வாடிக்கைக்காரரை அறிந்த நமக்கு அது புதுமையல்ல.)

இரண்டாவது வகை வரிசை பயத்தால் உண்டாவது. அதற்கு நல்ல உதாரணம் 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தில் நடந்தது. எண்ணெய் இல்லாமற் போகவில்லை. சுத்திகரிப்பு ஆலைகளிலும் கிடங்குகளிலும் வேண்டிய மட்டும் இருந்தது என்று அரசாங்கம் திரும்பத் திரும்பச் சொல்லிற்று. குறைவாயிருந்தது லோரி ஓட்டுநர்கள். அதனால் சில நிலையங்களை மூட வேண்டியிருக்கிறது என்று ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனி சொன்ன செய்தி 23-ந் தேதி வெளியாயிற்று. சில நிலையங்கள்தான். அடுத்த மூன்று நாட்களுக்குள், சுதந்திர நிலைய உரிமையாளர் சங்கத்தைச் சேர்ந்த ஏறக்குறைய 5,500 நிலையங்களில் மூன்றில் இரண்டு பங்கு வறண்டு போயின என்று அச்சங்கம் அறிவித்தது. அக்டோபர் 4-ந் தேதி முதல் பட்டாளத்துக்காரர்கள் எண்ணெய் லோரி ஓட்ட வேண்டியதாயிற்று. வேலைக்குப் போக எண்ணெய் கிடைக்காத மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் முதலிடம் தர வேண்டும் என்று அந்நாட்டு மருத்துவர் சங்கம் கேட்டுக் கொண்டது.

இது எப்படி நடந்தது என்று ஒரு சிறு ஊரை வைத்துப் பார்ப்போம். அவ்வூரில் ஆயிரம் கார்கள். ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4 லிட்டர் குடிக்கிறது. ஊருக்கு ஒரு நாள் செலவு 4,000 லிட்டர். நிலையத்துக்காரர் அதையும் அதற்குமேல் கொஞ்சமும் இருப்பு வைத்திருக்கிறார். சாதாரண நாளில் கார்களின் டாங்கிகள், ஒன்றில் கூட ஒன்றில் குறைய, சராசரியாகப் பாதி நிரம்பியிருக்கும். ஒரு காலை ‘எண்ணெய் இல்லையாம்’ என்ற பேச்சு பரவுகிறது. ஆயிரம் பேரும் போய் மீதிப் பாதியை நிரப்புகிறார்கள். ஆளுக்கு 20 லிட்டர். ஊருக்கு 20,000 லிட்டர். ஐந்து நாள் சரக்கு ஒரே பகலில் போய்விட்டது. ஒருவரும் பீப்பாயில் பிடித்து வைக்கவில்லை. ஒருவரும் வழக்கத்துக்கு மேல் ஒரு மைல்கூட ஓட்டவில்லை. எண்ணெய் ஊரைவிட்டு எங்கும் போகவுமில்லை. நிலத்தடியில் ஒரு டாங்கியில் இருந்தது, ஆயிரம் வீட்டு வாசல்களில் ஆயிரம் டாங்கிகளில் சும்மா நிற்கிறது. இரவு வேலை முடிந்து காலி டாங்கியோடு வருகிற தாதிக்கு மட்டும் இல்லை.

இங்கே பதுக்கினவர் யார்? நமது மார்க்கச் சட்டத்தில் பதுக்கலுக்கு இஹ்திகார் என்று பெயர். அதைக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது என்பதை மதரஸாவில் ஓதிய நம்மவர்கள் அறிவார்கள். அது உணவுப் பொருளுக்கு மட்டுமா, எல்லாச் சரக்குக்கும் உண்டா என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. எதைத் தடுத்து வைத்தால் ஜனங்களுக்குத் தீங்கு வருமோ அதெல்லாம் இஹ்திகார் என்பது இமாம் அபூ யூசுப் அவர்களின் கொள்கை. அவர் இருந்திருந்தால் பெட்ரோலையும் சேர்த்திருப்பார் என்று நினைக்கிறோம். ஆனால் வாங்கி வைத்து, தட்டுப்பாட்டில் விலையேற்றி விற்கும் வியாபாரியைப் பற்றியதே அந்தப் பேச்செல்லாம். தன் குடும்பத் தேவைக்கு ஓராண்டு உணவை வைத்துக் கொள்வதும் ஆகுமானதே. மலேசியாவின் 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் அதிகாரியும் கடைக்காரரின் கிடங்கைத்தான் திறந்து பார்ப்பார். வாடிக்கைக்காரரின் கார் டாங்கியைப் பார்ப்பதில்லை. ஆக, எந்தச் சட்டப்படியும் அந்த ஆயிரம் பேரில் ஒருவரும் பதுக்கல்காரரல்லர்.

நம் தொழிலிலிருந்தே ஒன்றைச் சொல்லலாம். ஒரு கடைக்காரர் ஆயிரம் பேரிடம் ஆளுக்கு ஒரு சிட்டிகை எடையில் குறைத்தால் அவரைத் திருடர் என்று சொல்ல ஒருவரும் தயங்க மாட்டார்கள். ஒவ்வொரு சிட்டிகையும் அற்பந்தானே என்று அவர் வாதாடினால் கேட்க ஆளில்லை. இங்கே நிலைமை தலைகீழ். ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு தாதியிடமிருந்து ஆளுக்கு ஒரு சொட்டு எடுத்துக் கொண்டார்கள். அவளுக்கு ஏற்பட்ட நஷ்டம் முழு நஷ்டம். ஆனால் குற்றத்தை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒருவர் கையிலும் கறை தெரிவதில்லை.

ரோட்டிலும் இதே கதைதான். 2008-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சந்தியில்லை, சிவப்பு விளக்கில்லை, விபத்தில்லை, குறுக்கே புகுந்தவன் இல்லை. சற்று நேரத்தில் ஜாம் ஏற்பட்டு, கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று நின்று போயின. ஒருவர் சிறிது வேகம் தளர்ந்தார். பின்னால் வந்தவர் பயந்து சற்று அதிகமாக பிரேக் வைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் அதைவிட அதிகமாக. ஜாமில் அகப்பட்ட நாம் கழுத்தை நீட்டி முன்னால் தேடுகிற அந்த மோசமான ஓட்டுநர் பல சமயம் அங்கே இல்லவே இல்லை. மோசமான ஓட்டுநர்களே கிடையாது என்று சொல்ல வரவில்லை. அவசரப் பாதையில் பறக்கிறவருக்குச் சம்மன் போவதில் நமக்குப் பூரண திருப்தி. ஆனால் அவரைப் பிடித்துவிட்டால் ரோடு சரியாகிவிடும் என்று நம்புவது, கிடங்கு முதலாளியைப் பிடித்துவிட்டால் எண்ணெய் வந்துவிடும் என்று நம்புவது போன்றதே.

இனி, வியாபாரி சகோதரர் ஒருவர் கேட்கக்கூடிய கேள்விக்கு வருவோம். ‘நீங்கள் சொல்வது நியாயந்தான், பாய். ஆனால் நான் ஒருவன் வரிசையில் நிற்காவிட்டால் அந்த இருபது லிட்டர் தாதிக்கா போகும்? எனக்குப் பின்னால் நிற்கிற காருக்குத்தானே போகும்? நாளைக்கு என் வேன் நின்றால் சரக்கு வராது, கடைப் பையன்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. யோக்கியனாக இருந்து நான் நஷ்டப்படுவதால் யாருக்கு லாபம்?’

இக்கேள்வியை உதறித் தள்ள முடியாது. பலர் இதற்கு, எல்லாரும் அப்படி நினைத்தால் என்னாவது என்று பதில் சொல்லி முடித்துவிடுவார்கள். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதே சகோதரர் சொல்வது. ஆகையால் அது பதிலாகாது. நமக்குத் தோன்றுவது வேறு. பயத்தின் வரிசையில் ஒரு கார் எடுத்துக் கொள்வது இருபது லிட்டர் மட்டுமல்ல. அது வரிசையை ஒரு கார் நீளமாக்குகிறது. ரோட்டில் போகிறவர் பத்திரிகை படித்தா பயப்படுகிறார்? வரிசையைப் பார்த்துப் பயப்படுகிறார். அதில் நிற்கும் ஒவ்வொரு வண்டியும், ‘எண்ணெய் தீரப் போகிறது’ என்று வாய் திறக்காமல் சாட்சி சொல்லிக் கொண்டிருக்கிறது. நிற்காமல் போனவர் தாதிக்கு எண்ணெய் கொடுத்துவிடவில்லை, உண்மைதான். ஆனால் பொய்ச் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கிவிட்டார். அதிலும் அவர் கடைத்தெருவில் நாலு பேர் அறிந்த முதலாளியாக இருந்தால், அவர் வேன் வரிசையில் நிற்பதற்கும் நிற்காததற்கும் வித்தியாசம் உண்டு.

டாங்கி காலியாக இருப்பவருக்கு வரிசையில் நிற்க உரிமை உண்டு. அவரிடம் நியாயம் பேசக்கூடாது. பாதிக்கு மேல் இருப்பவரிடந்தான் பேச்சு. அமைதியான நாட்களிலேயே பாதிக்குக் கீழே இறங்க விடாமல் ஊற்றி வைப்பவருக்குப் பயம் வரும் நாளில் இந்தச் சங்கடமே நேராது. சரக்கு வேன் வைத்திருப்பவர்களுக்கு இது முன்யோசனை. இதைப் பதுக்கல் என்று சொல்ல யாராலும் முடியாது, ஏனெனில் அது எவருக்கும் இல்லாத நேரத்தில் எடுத்ததல்ல.

விற்பவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி இரவு நடமாட்டக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டபோது, நம் கடையில் அரிசிக்கு ஆளுக்கு இரண்டு பை என்று எழுதி ஒட்டினோம். வாப்பா வாங்கிப் போனார், பிறகு மகன் வந்தார், மருமகனும் வந்தார். கணக்கில் யாரும் இரண்டுக்கு மேல் வாங்கவில்லை! வாரச் சம்பளம் வாங்கிக் கொண்டு சனிக்கிழமை வருகிறவர்களுக்காக உள்ளே சில மூட்டைகளை எடுத்து வைத்தோம். அப்போது நம்மைப் பதுக்கல்காரர் என்று சொன்னவர், முன்னிரவில் ஆறு பை கொண்டு போனவர்.

இங்கிலாந்திலும் 2021-ல் ஒரு கம்பெனி தன் நிலையங்களில் ஆளுக்கு 30 பவுனுக்கு மேல் ஊற்றுவதில்லை என்று உச்சவரம்பு வைத்தது. காலியாக வந்தவர் அரைகுறையாகப் போனார். அரை டாங்கியோடு வந்தவரை வரம்பு ஒன்றும் செய்யவில்லை. 1979-ல் அமெரிக்காவில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, சில மாநிலங்களில் இதற்கு நேர்மாறாக ஒரு விதி போட்டார்கள்: இத்தனை டாலருக்குக் குறைந்து ஊற்ற மாட்டோம். டாங்கி நிறைய வைத்துக் கொண்டு, பயத்துக்காக இன்னும் கொஞ்சம் என்று வந்தவருக்கு அவ்வளவு எண்ணெய் கொள்ள இடமிராது. ஆகவே வரிசையில் நிற்கவே முடியாது. காலி டாங்கிக்காரருக்கு அவ்விதியால் ஒரு தொந்தரவுமில்லை. அதிகாரிகள் எழுதிய விதிதான். ஆனாலும் யாரோ ஒரு கடைக்காரரைக் கலந்து கொண்டுதான் எழுதியிருப்பார்கள் என்பது நம் அபிப்பிராயம்.